பதினொரு மணி வரைக்கும்

பெரிய முள் மூணில் நிற்கிறது. சின்ன முள் பத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. பெரியது ஏறிப்போய்ப் பன்னிரண்டைத் தொடணும், சின்னது பதினொண்ணில் போய் உட்காரணும், அதுவரைக்கும் இவன் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கக் கூடாது. பாசிப்பருப்புத் தண்ணி. பருப்புகூட இல்லை, பருப்பு வெந்த தண்ணி. எட்டு மணிக்கு உதட்டில் ஒரு தொடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாக்கில் ஒரு சொட்டு. அப்புறம் அரைக் கரண்டி. ஒன்பதுக்கு ஒரு முழுக் கரண்டி, அதோடு சரி, அதுக்குமேல் ரெண்டு மணி நேரம் காவல். புதுச் சாப்பாடு எதுவானாலும் காலையில்தான், சளி காய்ச்சல் இல்லாத நாளில்தான், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பதினோரு மாசத்தில் தரையில் கிடக்கிற முறுக்குத் துண்டைப் பொறுக்கித் தின்றுவிட்டு அடுத்த துண்டு எங்கே என்று தேடும். இவன் ஒரு கரண்டி பருப்புத் தண்ணி குடிக்க வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. வீடு என்றால் என்ன, நானும் இவன் அம்மா ஹெப்சியும்தான். அவளும் தூங்கிவிட்டாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், ஹெப்சி தூங்கிவிட்டாள். பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "யக்கா, கண்ணு தீயா எரியுது, ஒரே ஒரு நிமிசம் மூடிக்கிடுதேன், பாத்துக்கிடுதீங்களா" என்று கேட்டாள். "நீ படு தாயி, நான் முழிச்சிருக்கேன்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, வாய் திறந்துவிட்டது, தலையணையில் தலை சரியாகக்கூடப் படவில்லை. சின்னப் பிள்ளையில் எப்படித் தூங்குவாளோ அதே தூக்கம், ஒரு கை நெஞ்சில், ஒரு கை வெளியே. எனக்குத் தெரியாதா, அவளையும் இந்தக் காலில் போட்டுக் குளிப்பாட்டினவள்தானே நான்.

உலகம்மாள் என்று எனக்குப் பேர். பாளையங்கோட்டையில் பிள்ளை குளிப்பாட்டுகிற உலகம்மக்கா என்றால் ஆட்டோக்காரன்கூட வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான். தாய்க்கும் அக்கா, மகளுக்கும் அக்கா, இனி இந்தப் பயல் பேசத் தொடங்கினால் இவனுக்கும் அக்காதான். மணைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டேன் என்றால் அழுகிற பிள்ளையும் அடங்கிவிடும். ஹெப்சி வீட்டைப் போல வேதக்கார வீடு, துலுக்க வீடு, பிள்ளைமார் வீடு எதுவானாலும் வெந்நீர் ஒரே வெந்நீர்தான், சாம்பிராணி ஒரே சாம்பிராணிதான். என் பையில் எப்பவும் ஒரு உரைகல் இருந்தது. என் மாமியார் கொடுத்தது, உள்ளங்கை அகலம், நடுவில் தேய்ந்து குழி விழுந்தது. வசம்பு ரெண்டு சுத்து, ஜாதிக்காய் ரெண்டு சுத்து, மாசிக்காய் மூணு, கடுக்காய் ஒண்ணு, சுக்கு ஒண்ணு. பாதாம் மட்டும் பத்து சுத்து. பாதாம் போனால் பிள்ளை தேறும், நிறம் வரும் என்று தாய்மார்களே கேட்பார்கள். தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடைச் சங்கில் எடுத்து வாயில் ஒரு சரி சரித்தால், சப்புக் கொட்டிக்கொண்டு இறங்கிவிடும். ஹெப்சிக்கு அப்படிக் கொடுத்தேன். அவள் அம்மை கிரேசம்மா இருந்த காலம் அது, "உலகம்மக்கா, இன்னும் ரெண்டு சுத்து போடு, எம்பிள்ள கறுப்பா இருக்கா" என்பாள். கிரேசம்மா போய் ஏழு வருசம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் நான் இன்றைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பேன்.

உதட்டைப் பார். உதடு சரியாக இருக்கிறது. கண்ணைச் சுற்றிப் பார். சரியாக இருக்கிறது. வயிற்றில் சட்டையைத் தூக்கிப் பார், பழைய சொறித் தழும்புதான், புதுசு இல்லை. மூச்சு போகிறது, வருகிறது. கொட்டாவி விடுகிறான். கொட்டாவிக்கும் பயம் வருகிறது, டாக்டரம்மா சொன்னதில் சோர்ந்து துவள்கிறதும் ஒன்று. ஆனால் இது துவள்கிறது இல்லை, இது என் சேலை முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு தூக்கத்துக்கு அலைகிற அலைச்சல். வையப்பா, இந்தச் சேலையை வை. இது இந்த வீட்டுச் சேலை. காலையில் வந்ததும் குளித்துவிட்டு இதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உன்னைத் தொட முடியும். வீட்டில் கட்டிய சேலையில் என் பேரன்கள் பால் சிந்தியிருப்பார்கள், பிஸ்கட்டு கையைத் துடைத்திருப்பார்கள். உனக்குப் பசும்பால் ஆகாது, பாதாம் ஆகாது, முந்திரி ஆகாது. ஆகாது என்றால் வயிறு வலிக்கும், பேதி ஆகும் என்கிற ஆகாது இல்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆகாது. நாப்பது வருசமாய்ப் பிள்ளை பார்க்கிறேன், எனக்கு இது தெரியவில்லை. பிறந்த ரெண்டாம் மாசமே இவன் கன்னமெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. கரப்பான் என்றேன். சூட்டு உடம்பு என்றேன். குப்பைமேனியை அரைத்துப் போட்டேன். இவன் ராத்திரியெல்லாம் தலையை மெத்தையில் தேய்த்துத் தேய்த்துப் பின்னந்தலை முடியெல்லாம் போனபோதும், முடி நல்லாக் கறுத்து வளரத்தான் போகுது என்று சிரித்தேன். ஆறாம் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலுக்குப் போகிறதுக்கு முன்னால் மருந்து உரைத்து ஊற்றினேன். அரை மணி நேரத்தில் கண்ணிமை ரெண்டும் இட்லி மாதிரி எழும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பாதாம் இந்த வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்றார்கள். நானே என் கையால் பாதாம் டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். கொட்டிவிட்டுக் கையைக் கழுவினேன். ரொம்பக் கெட்டிக்காரி நான்.

அதற்குப் பிறகு மூணு வாரம். வயிறு உப்பிக் காலை மடக்கி மடக்கி அழுதான். வசம்புதானே, வசம்புக்கு என்ன, பிள்ளை வளர்ப்பான் என்றுதானே அதற்குப் பேரே. கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெந்நீர் ஊற்றினேன். வசம்பு ரெண்டே சுத்து, வேறே ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்தது முதலில் வந்ததைப் போல நாலு மடங்கு. ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் புரியவில்லை. "என்ன குடுத்தீங்க?" "ஒண்ணும் குடுக்கலை." "யோசிச்சுச் சொல்லுங்க." "வெறும் வசம்புங்கம்மா, சத்தியமா." அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா, என் இளையவள் வயசுதான் இருக்கும், கோபப்படவே இல்லை. "பிள்ளை வாய்க்குக் கிட்ட போற சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். கரண்டி, கிண்ணம், பாலாடை, கல். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். கல்லின் குழியில் சுடுதண்ணி விட்டாள், ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணியில் மங்கலாய் ஒரு எண்ணெய்க் கறை. மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். பாதாம் வாசம். "எத்தனை வருசமா இதுல பாதாம் உரைக்கீங்க?" "நான் நாப்பது வருசம். எங்க மாமியா அதுக்கு முன்ன முப்பது." டாக்டரம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்லு குடிச்சிருக்கு பாட்டி. கழுவினாப் போகாது." ஊரெல்லாம் என்னை அக்கா என்கிறது, அவள் ஒருத்திதான் பாட்டி என்றாள். அந்த நிமிசத்தில் எனக்கு எழுபது வருசத்துக் கிழடு உடம்பில் ஏறி உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு வந்த பிறகுதான் ஹெப்சி சொன்னாள். "இனிமே எங்க வீட்டுப் படி ஏறிராதீங்க." நான் ஏறவில்லை. மற்ற வீடுகளுக்குப் போனேன், குளிப்பாட்டினேன், ஆனால் மருந்து உரைக்க மாட்டேன் என்றேன். "என்னக்கா, கல்லைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தொலைக்கவில்லை. என் வீட்டு வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கிறேன். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை காலில் இடறும். இடறட்டும்.

முள் ஆறுக்குப் போய்விட்டது. போன் நடுங்குகிறது. கட்டிலில் ஹெப்சியின் இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்து வண்டு மாதிரி உறுமுகிறது. எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரிகிறது, மீசை வைத்த படம், மஸ்கட்டில் இருக்கிற இவன் அப்பா. ஏ மாப்பிள்ளை, உனக்கு வேறே நேரமே கிடைக்கலையா. கை ரெண்டும் பிள்ளைமேல், எட்டிக் கால் கட்டைவிரலால் போனைத் தள்ளித் தலையணைக்கு அடியில் செருகுகிறேன். இந்த வயசில் இது ஒரு வித்தை. ஹெப்சி அசையவில்லை. பாவம், அவரும் அங்கே இருந்து என்ன செய்வார், பருப்புக்கு என்ன ஆச்சு என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார். அவர் அம்மை சாத்தான்குளத்தில் இருந்து வந்து பத்து நாள் இருந்தாள். "நாங்க வளக்காத பிள்ளையா, ஒரு சொட்டுப் பால் கொன்னா போட்டுரும்" என்று நாள் பூராவும் சொன்னாள். ஒரு நாள் ஹெப்சி பிள்ளையைக் கையில் கொடுத்து, "அப்ப நீங்க ரெண்டு மணி நேரம் வச்சிருங்க அத்தை, நான் பேங்குக்குப் போயிட்டு வாறேன்" என்றாள். மறுநாளே அந்த அம்மா பெட்டியைக் கட்டிவிட்டாளாம். அதற்குப் பிறகு வீட்டு வேலைக்கு வந்தவள் ஒருத்தி. பிஸ்கட்டுத் தின்ற கையோடு பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் விரல் விரலாய்த் தடித்துவிட்டது. அவள் போன அன்றைக்குச் சாயங்காலம் ஹெப்சி என் வீட்டுக்கு வந்தாள். கதவுக்கு அண்டக் கொடுத்த கல்லைப் பார்த்தாள், தாண்டி உள்ளே வந்தாள். உட்காரவில்லை. "யக்கா, நீங்க தப்புப் பண்ணுனவங்க. அதனால நீங்கதான் பயப்படுவீங்க. மத்தவங்களுக்குப் பயமே இல்லக்கா. எனக்குப் பயப்படுத ஆளு வேணும்." எனக்கு யாரும் அந்த மாதிரி ஒரு வேலை கொடுத்ததில்லை. பயப்படுகிற வேலை. அதைத்தான் ரெண்டு மாசமாய்ப் பார்க்கிறேன். பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் உடனே குத்த ஊசி மருந்து ஏற்றின குழல் கறுப்பு டப்பாவில் இருக்கிறது, டப்பாவுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம், எனக்கு எழுத்து வேண்டாம், நூல் போதும். மருந்து இல்லாத குழலால் சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினேன். "தொடையில வெளிப்பக்கம், துணிக்கு மேலயே குத்தலாம், யோசிக்கக் கூடாது" என்றாள் டாக்டரம்மா. பிள்ளைத் தொடை எனக்குத் தெரியாதா. எத்தனை தொடையை எண்ணெய் தேய்த்து உருவியிருக்கிறேன். ஆனால் உருவுகிற கை வேறே, குத்துகிற கை வேறே. சாத்துக்குடி அழாது.

தூங்கிவிட்டான். கன்னத்தை என் நெஞ்சில் ஒட்டவைத்து, முந்தானை நுனி வாயில் அப்படியே. உச்சந்தலையில் முடி வந்துவிட்டது. மோந்து பார்க்கிறேன். முத்தம் கிடையாது. நான் காலையில் டீ குடிப்பேன் என்று முதல் நாளே முத்தத்தை நிறுத்திவிட்டாள் ஹெப்சி. மூணாம் நாளில் இருந்து நான் கடுங்காப்பிக்கு மாறிவிட்டேன், பால் வாசனையே கிடையாது, ஆனால் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முத்தத்துக்கு லஞ்சம் கேட்கிற மாதிரி இருக்கும். அதுவும் இல்லை, சொல்லவேண்டியது வேறொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதை எப்படிச் சொல்ல. மூச்சு சீராகத்தான் போகிறது. வயிறு ஏறுகிறது, இறங்குகிறது. அந்த இன்னொன்று. வசம்பு கொடுத்த நாள். ஆஸ்பத்திரியில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன், யாரும் கேட்காத ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை. வசம்பு உள்ளே போய் அஞ்சு நிமிசத்தில் இவன் கீழுதடு தடித்தது. நான் பார்த்தேன். வசம்புக் காரம்தான் என்று சொல்லிக்கொண்டேன். முந்தானையால் துடைத்தேன். மறுபடியும் பார்த்தேன், கன்னத்தில் ஒரு வட்டம், காதுக்கு அடியில் ஒரு வட்டம். ஹெப்சி அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. கூப்பிடு என்று உள்ளுக்குள் ஒருத்தி சொல்கிறாள். நாப்பது வருசத்துக்காரி ஒருத்தி, பொறு, அடங்கிரும், இதைப் போய்ச் சொன்னா உன்னை என்ன நினைப்பா என்கிறாள். பிள்ளை முகத்தை என் தோள் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் பார்க்கக் கூடாது என்று. பால்கனிக்குப் போய் நின்று காக்காயைக் காட்டினேன். காக்கா பாரு, காக்கா பாரு. பத்து நிமிசம். அவன் வாந்தி எடுத்து, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்த பிறகுதான் கத்தினேன். தடிப்பு அப்பதான் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல் குடித்ததை டாக்டரம்மா கண்டுபிடித்தாள். இதை யார் கண்டுபிடிக்க. கல்மேல் பழி போனபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

முள் எட்டைத் தாண்டிவிட்டது. தோள் மரத்துப்போய்விட்டது, பிள்ளையை மறுபக்கம் மாற்றலாம் என்று தலையை மெதுவாய் எடுக்கிறேன். கன்னத்தில் சிவப்பு. ஒன்று, ரெண்டு, மூணு. கடுகுக்குப் பெரிசு, மிளகுக்குச் சின்னது. வரிசையாய், கண்ணுக்குக் கீழே இருந்து தாடை வரைக்கும். வேர்வைதான். கொசுவாக இருக்கும். பருப்பு உள்ளே போய் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, இவ்வளவு நேரம் கழித்தா வரும். பார், அந்த நாப்பது வருசத்துக்காரி வந்துவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து அதே குரலில் பேசுகிறாள். பொறு. ஒரு நிமிசம் பார். எத்தனை மாசத்துக்குப் பிறகு ஹெப்சி தூங்குகிறாள், ஒன்றும் இல்லாததுக்கு எழுப்பாதே. கட்டிலில் ஹெப்சியின் வாய் திறந்திருக்கிறது, கண்ணுக்கு அடியில் கறுப்பு, கழுத்தில் நரம்பு. ஒரே ஒரு நிமிசம் பார், உலகம்மா. என் கால் ஏற்கெனவே நீண்டுவிட்டது. கட்டிலை உதைக்கிறேன். "ஹெப்சி! ஏ ஹெப்சி! எந்திரி! கன்னத்துல செவப்பு!"

எழுந்தது தெரியவில்லை, டப்பா அவள் கையில் இருக்கிறது, சிவப்பு நூலைப் பல்லால் இழுத்துவிட்டாள். பிள்ளையை வாங்கிச் சட்டையைத் தூக்கினாள், வயிறு, முதுகு, அக்குள். உதட்டை விரலால் புரட்டினாள். நெஞ்சில் காதை வைத்தாள். அவன் தூக்கம் கலைந்து அழத் தொடங்கினான், நல்ல கணீர் அழுகை. "தொண்டை தெளிவா இருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் கன்னத்தைத் திருப்பினாள், சிவப்பை விரலால் அழுத்தினாள், விட்டாள். தடிப்பு இல்லை. தடவிப் பார்த்தால் கன்னம் வழவழவென்று இருக்கிறது. உற்றுப் பார்த்தாள். அப்புறம் என் கழுத்தைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் கழுத்துப் பாசிமணி. மணிக்கு மணி இடைவெளி, கன்னத்தில் அதே இடைவெளி. நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே மேலே உள்ள ஒன்று மங்கிக்கொண்டு வருகிறது. ஹெப்சி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பாசி அச்சா? பாசி அச்சுக்கா கட்டில உதைச்சீங்க?" என்றாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் சொல்லிவிட்டேன். எதற்கு அப்பச் சொன்னேன் என்று தெரியாது, வாய் திறந்துவிட்டது. "அன்னைக்கு நான் உதைக்கல ஹெப்சி. வசம்பு குடுத்த அன்னைக்கு. உதடு தடிச்சதை மொதல்லயே பாத்துட்டேன். உன்கிட்டச் சொல்லாம பால்கனில நின்னேன். பத்து நிமிசம். நீ திட்டுவேன்னு." அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுகிற கை மட்டும் ஒரு தடவை நின்று மறுபடி தட்டியது. வெளியே தண்ணி லாரி வந்து ஆரன் அடித்தது. கீழ் வீட்டுக்காரி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம். என் காது ரெண்டும் அவள் வாய்க்குக் காத்துக்கொண்டு கிடந்தது. "பத்து நிமிசமா" என்றாள். "ஆமா." "இப்ப? பாத்து எவ்வளவு நேரங்கழிச்சு எழுப்புனீங்க?" "பாத்த ஒடனே." பிறகும் என் முகத்தையே பார்த்தாள். பிள்ளை முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாளோ, உதடு, கண், மூச்சு என்று ஒவ்வொன்றாய், அதே மாதிரி. பார்த்து முடித்துவிட்டு, எழுந்து வந்து, பிள்ளையை என் மடியில் போட்டாள். டப்பாவை மூடி நூலைக் கட்டி என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். கட்டிலுக்குப் போனாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பாசியக் கழத்தி வைங்க யக்கா" என்றாள்.

ஒரு கையால் பின்கழுத்துக் கொக்கியைத் தேடுகிறேன். இருபத்தஞ்சு வருசமாய்க் கழற்றாத கொக்கி, துருப்பிடித்து மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. இவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஆடுகிற பாசியைப் பிடிக்கக் கையை நீட்டுகிறான். கன்னம் சுத்தமாகிவிட்டது, கடைசி மணி அச்சு மட்டும் தாடைக்குப் பக்கத்தில் பிறை மாதிரி நிற்கிறது. கொக்கி விட்டது. பாசியைச் சுருட்டித் தலையணைக்கு அடியில், அடங்கிப்போன போனுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கட்டிலில் இருந்து மூச்சு வருகிறது. முதலில் முழிச்சிருக்கிற மூச்சு. எனக்குத் தெரியும், தூங்குகிற மூச்சும் தூங்காத மூச்சும் வேறே வேறே. காதை அங்கே வைத்துக் கண்ணை இங்கே வைக்கிறேன். உதடு சரியாக இருக்கிறது. கண்ணைச் சுற்றிச் சரியாக இருக்கிறது. மூச்சு இழுத்து, விட்டு, இழுத்து, அங்கே ஒரு சின்னக் குறட்டை. தூங்கிவிட்டாள். முள் பத்தை நெருங்குகிறது. இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருக்கிறது, எங்கய்யா, பன்னிரண்டே நிமிசம், அம்மையை எழுப்பிராத, என்னைப் பாரு.